சிறப்புக் கல்வி டிகிரி: கட்டுகிற பணம் சம்பளத்தில் திரும்புமா?

பிறை மலர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். வயது 24, மலேசியாவில் பினாங்கு பக்கம் பிறையில் வீடு. ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த பிறகு பட்டர்வொர்த் பக்கம் ஒரு தனியார் மையத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள். சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்). இ.பி.எஃப். சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் பிடித்தது போகக் கையில் 1,680 அளவில் வரும். அதில் 600 வீட்டுக்குக் கொடுக்கிறேன். அப்பா முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டார். அம்மா முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுக்கிறார், தம்பி பொலிடெக்னிக்கில் படிக்கிறான்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டிகிரி இல்லாமல் இதே இடத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் சம்பளம் ஏறப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. அதனால் சிறப்புக் கல்வியில் பட்டம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஐ.பி.ஜி. என்கிற ஆசிரியர் பயிற்சிக் கழகம் எனக்கு இல்லை, அங்கே ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு போகவேண்டும், வயது வரம்பைத் தாண்டிவிட்டேன். மிச்சம் இரண்டு வழி.

ஒன்று, ஒரு தனியார் கல்லூரி. சனி ஞாயிறு வகுப்பு, வேலையை விடவேண்டாம். மொத்தக் கட்டணம் 46,000 வெள்ளி என்றார்கள், ஐந்து வருடம் ஆகும். கல்விக் கண்காட்சியில் பேசிய ஆலோசகர் “முடித்தால் கவர்மெண்ட் வேலை உறுதி, சிறப்புக் கல்விக்கு ஆளே இல்லை” என்று சொல்லி அன்றைக்கே முன்பணம் கேட்டார். நான் கட்டவில்லை.

இரண்டு, யுபியு என்கிற மத்திய விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகம். கட்டணம் குறைவு, ஆனால் நான்கு வருடம் முழுநேரம். வேலையை விடவேண்டும். 1,900ஐ 48 மாதத்தால் பெருக்கினால் 91,200 வெள்ளி. இந்த எண்ணைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. அவ்வளவு சம்பளத்தை விட்டுவிட்டுப் படித்து வந்தால் அது எப்போது திரும்பும்? அதோடு படிப்புக் கடன் வேறு. முடிக்கும்போது எனக்கு 29 ஆகியிருக்கும்.

அப்பா இரண்டாவதைச் சொல்கிறார், அம்மாவுக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் மாதப் பணம் நிற்காது. இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையான கணக்கைச் சொன்னால் நல்லது.


செத்தாபாக் வாசி எழுதியது:

தங்கச்சி, முன்பணம் கட்டாமல் வந்தீர்களே, நல்லது. கவர்மெண்ட் வேலை உறுதி என்று எந்தக் கல்லூரியும் சொல்லமுடியாது. ஆசிரியரை எடுப்பது எஸ்.பி.பி., அதாவது கல்விச் சேவை ஆணையம். அவர்கள் எந்த ஆப்ஷனுக்கு, அதாவது எந்தப் பாடப் பிரிவுக்கு ஆள் வேண்டுமோ அதற்கு விளம்பரம் போட்டு, விண்ணப்பம் வாங்கி, இன்டர்வியூ வைத்து எடுக்கிறார்கள். கல்லூரிக்கு அதில் பேச்சே இல்லை.

அந்தக் கோர்ஸின் பெயரை, படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டில் தேடுங்கள், இணையத்திலேயே பார்க்கலாம். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்று எம்.கியூ.ஏ.வின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிகிரியின் சரியான பெயர் என்ன என்று பாருங்கள். “பாலர் கல்வி, சிறப்புத் தேவைகள் உட்பட” என்கிற மாதிரி ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சிறப்புக் கல்வி என்று வாயால் சொல்கிற இடங்கள் உண்டு. எஸ்.பி.பி. பார்ப்பது சான்றிதழில் அச்சடித்திருப்பதைத்தான். எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியில் கிரெடிட் இருக்கிறதா? அது இல்லாமல் அரசு ஆசிரியர் வேலைக்குப் போகமுடியாது.


கரும்பலகை எழுதியது:

நான் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பி.பி.கே.ஐ. வகுப்பு எடுக்கிறேன், அதாவது சாதாரணப் பள்ளிக்குள் இருக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு. அதனால் சம்பளப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பட்டதாரி ஆசிரியர் வேலைக்குச் சேரும் நிலை முன்பு டி.ஜி.41, இப்போது டி.ஜி.9. 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்தபோது எண்களை மாற்றினார்கள், சம்பளமும் முதலில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு என்று இரண்டு கட்டமாக ஏறியது. புதிதாகச் சேருகிறவருக்கு அடிப்படைச் சம்பளம், வீட்டு அலவன்ஸ், வாழ்க்கைச் செலவு உதவி எல்லாம் சேர்த்தால் பினாங்கில் மூவாயிரத்தைத் தாண்டும். இதற்கு மேல் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு மாதம் 250 வெள்ளி தனி ஊக்கத்தொகை. பிறகு வருடாந்திர ஏற்றம், காலம் போகப் போக டி.ஜி.10, 12 என்று பதவி உயர்வு. உங்கள் அப்பா அம்மாவுக்கும் அரசு மருத்துவமனையில் அரசு ஊழியரின் குடும்பத்தினருக்கான வசதி கிடைக்கும். அப்பாவின் முதுகைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், சம்பள சிலிப்பில் வராத வருமானம் இது.

ஆனால் பென்ஷனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அரசு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இ.பி.எஃப்.தான். “வாத்தியார் வேலை, கடைசிக் காலத்துக்குக் கவலையில்லை” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது எங்கள் காலத்துக்குச் சரி, உங்களுக்கு இல்லை.

இப்போது அந்த 91,200. அது தப்பான எண் என்று சொல்லவில்லை, ஆனால் உங்களைப் பயமுறுத்த வேண்டிய எண் அது இல்லை. கையில் வருகிற 1,680இல் வீட்டுக்குப் போவது 600. மிச்சம் உங்கள் பெட்ரோல், சாப்பாடு, போன், துணிமணி. பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கும்போது அந்தச் செலவின் வடிவமே மாறிவிடும், பி.டி.பி.டி.என். என்கிற அரசுப் படிப்புக் கடனில் பெரும்பகுதி அதற்குப் போதும். வீடு உண்மையில் இழப்பது மாதம் 600, 48 மாதத்துக்கு 28,800. இந்த எண்ணை வைத்து அம்மாவிடம் பேசுங்கள். செமஸ்டர் விடுமுறையில் இதே மையத்தில் வந்து வேலை செய்தால் அதிலும் ஒரு பங்கு குறையும், அனுபவமுள்ள ஆளை விடுமுறைக்கு வேண்டாம் என்று எந்த மையமும் சொல்லாது.

தனியார் வழியையும் இதே மாதிரி போட்டுப் பார்ப்போம். 46,000ஐயும் பி.டி.பி.டி.என். மாதிரி 1 விழுக்காட்டுக் கடனாகவே வைத்துக்கொள்ளலாம், அதைவிட மலிவான கடன் உங்களுக்குக் கிடைக்காது. 15 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 294 வெள்ளி. டிகிரி முடித்து, அரசு வேலை வராமல், அதே மையத்தில் 2,300 கொடுத்தார்கள் என்று வைப்போம். ஏறியது 400. இ.பி.எஃப்.க்கு 44 போனால் 356. கடன் 294. கையில் கூடியது 62 வெள்ளி. ஐந்து வருட சனி ஞாயிறுக்கு இதுதான் விலை என்றால் நான் என் சொந்தத் தங்கைக்குச் சொல்லமாட்டேன். ஆகவே கேள்வி “டிகிரி லாபமா” என்பது இல்லை. ஒரே டிகிரிதான், எந்த வாசலில் நுழைந்து படிக்கிறீர்கள், முடித்து எந்த வாசலில் வேலைக்குப் போகிறீர்கள் என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த 250 வெள்ளி எதற்கு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. என் வகுப்பில் ஒரு பையன், ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். திங்கள்கிழமை சபைகூடல் என்றால் அவனுக்கு நரகம். அவனுடைய ஆர்.பி.ஐ.யில், தனிநபர் கல்வித் திட்டத்தில், ஒரே ஒரு வரி எழுதினேன்: சபைகூடலில் ஐந்து நிமிடம் நிற்பான். முதலில் கேண்டீனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் காதடைப்பான் மாட்டி நிற்கவைத்தோம். பிறகு கேண்டீன் தூண். பிறகு மண்டபத்தின் கடைசிக் கதவு. ஒவ்வொரு வாரமும் எவ்வளவு நேரம் நின்றான், எப்போது அழுதான், யார் கூட நின்றார்கள் என்று எழுதவேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு கோப்பு. நடுவில் டாய்லெட்டுக்கு அழைத்துப் போவது, கடிபடுவது, உதவியாளர் லீவு போட்டால் தனியாகச் சமாளிப்பது. நீங்கள் ஏற்கெனவே இதில் இருக்கிறீர்கள், தெரியும். தெரிந்தே பிடித்திருக்கிறது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். இது தெரியாமல் அந்த 250க்காக ஆப்ஷன் எடுத்தவர்கள் இரண்டாம் வருடமே வகுப்பு மாற்றம் கேட்டு நிற்பதைப் பார்க்கிறேன், கஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.


வீட்டுக்கு வீடு எழுதியது:

டீச்சர் சொன்ன கணக்கு சரி, ஆனால் தனியார் துறை என்றால் 2,300தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நான் கோலாலம்பூரில் ஒரு சர்வதேசப் பள்ளியில் கற்றல் ஆதரவுப் பிரிவில் இருக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகப் பட்டம்தான், எஸ்.பி.பி. இன்டர்வியூவுக்குக் காத்திருந்த காலத்தில் இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டேன். என் அடிப்படைச் சம்பளம் என்னோடு படித்து அரசுப் பள்ளிக்குப் போனவர்களைவிடக் கூடத்தான். இதற்கு மேல் மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன், மணிக்கு 70 வெள்ளி.

இதில் இரண்டு விஷயம். முதலில், சர்வதேசப் பள்ளிகளில் ஆங்கிலம் பேச்சிலும் எழுத்திலும் சுத்தமாக வேண்டும், அறிக்கை எல்லாம் ஆங்கிலம். இன்னொன்று, பெற்றோர் மாறினால், பிள்ளை வேறு ஊருக்குப் போனால், அந்த வீட்டு வகுப்பு வருமானம் ஒரே நாளில் நின்றுவிடும். டிசம்பரில் எனக்குக் கூடுதல் வருமானம் கிட்டத்தட்ட இல்லை. கடன் வைத்திருக்கிறவர் இந்த வருமானத்தை நம்பித் தவணை கட்டமுடியாது.

நீங்கள் இப்போது வேலை செய்யும் மையம் எதன் கீழ் பதிவு செய்திருக்கிறது என்று பார்த்தீர்களா? கல்வி அமைச்சின் கீழ் தனியார் பள்ளியாகப் பதிவு என்றால் ஆசிரியருக்குக் கற்பிக்கும் பெர்மிட் வாங்கவேண்டும். பல மையங்கள் சமூகநல இலாகாவின் கீழ் பராமரிப்பு மையமாகத்தான் இருக்கின்றன. அங்கே உங்களிடம் டிகிரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலாளிக்குச் சட்டப்படி பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் டிகிரிக்காகச் சம்பளம் ஏற்றவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 1,700. உங்கள் 1,900 அதற்கு 200 மேலே. சில வருட அனுபவமுள்ள ஆளுக்கு இது நியாயமே இல்லை என்பது என் கருத்து, படிக்கப் போனாலும் போகாவிட்டாலும் இதை உங்கள் முதலாளியிடம் ஒரு தடவை பேசுங்கள்.

வார இறுதிக் கோர்ஸ் எடுப்பதாக இருந்தால் இதையும் கேளுங்கள்: பிராக்டிக்கம் எப்படி? ஆசிரியர் பட்டம் என்றால் பள்ளியில் போய் வாரக்கணக்கில் கற்பிக்கும் பயிற்சி உண்டு, அது சனி ஞாயிறில் நடக்காது. அந்த வாரங்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா, கிடைத்தால் அதுவும் உங்கள் செலவுக் கணக்கில் வரவேண்டும். “வேலையை விடவேண்டாம்” என்று சொன்ன ஆலோசகர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.


கெளுகோர் அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை, பிள்ளையைப் பெற்றவள். இந்தப் பக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பத்து வயது, ஆட்டிசம். ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை இருக்கிறது, அரசுப் பள்ளியில் பி.பி.கே.ஐ.யில் படிக்கிறாள், மாதம் 150 வெள்ளி மாணவர் அலவன்ஸ் வருகிறது. பேச்சுப் பயிற்சிக்குத் தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு நான் கொடுப்பது 140. அதாவது அரசாங்கம் கொடுக்கும் ஒரு மாதப் பணம் ஒரே ஒரு தடவை போய் வந்தால் தீர்ந்துவிடும். ஆகவே என்னைப் போன்றவர்களுக்குப் பள்ளி ஆசிரியைதான் எல்லாம். 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று அமைச்சு கொள்கை கொண்டு வந்தது, அது நல்லதுதான், அதற்குப் பிறகு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அதற்கேற்ற படித்த ஆள் வகுப்பில் இருக்கிறாரா என்பதுதான் எங்கள் கவலை.

முதல் இரண்டு வருடம் வேறு பாடத்துக்குப் படித்த ஒருவர்தான் என் மகளுக்கு ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் அவருக்கே தெரியவில்லை, பாவம். பிறகு சிறப்புக் கல்வி படித்த ஒரு டீச்சர் வந்தார். கேண்டீனில் படம் போட்ட அட்டையைக் காட்டிச் சாப்பாடு கேட்க அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது மகள் மைலோ படத்தை எடுத்துக் கடைக்கார அக்காவிடம் நீட்டி, மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், வாங்காமல் நகரமாட்டாள். டிகிரி என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மலர், தமிழ் பேசுகிற சிறப்புக் கல்வி ஆசிரியர் எங்களுக்கு வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பயிற்சியில் ஆங்கிலம் என்றால் பேச்சே வராத பிள்ளைக்கு எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்காக நீங்கள் கடனில் விழவேண்டும் என்று சொல்லமாட்டேன். வழி இருந்தால் அரசுப் பல்கலைக்கழகமே போங்கள்.


பிறை மலர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கரும்பலகை டீச்சர், உங்கள் 28,800 கணக்கை நேற்று இரவு அம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். தம்பி படிப்பு அடுத்த வருடம் முடிகிறது, அவன் வேலைக்குப் போனால் அந்த 600இல் பாதியை அவன் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். தம்பியும் சரி என்றான். அம்மா இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் 91,200 என்று சொன்னபோது இருந்த முகம் இல்லை.

செத்தாபாக் அண்ணா, பதிவேட்டில் தேடினேன். கோர்ஸின் பெயரில் சிறப்புக் கல்வி என்ற சொல்லே இல்லை. அதோடு அந்த வழியை மூடிவிட்டேன். மலாயில் கிரெடிட் இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. அரசுப் பல்கலைக்கழகத்தில் எங்கே இருக்கிறது இந்தப் படிப்பு, அங்கே படித்தால் தமிழ்ப்பள்ளிக்குப் போகமுடியுமா? கெளுகோர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் போஸ்டிங் சபா, சரவாக் என்று போட்டால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? வீட்டுக்கு அனுப்ப முடியுமா?


சிபுவிலிருந்து எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான்தான் ஆள். சுங்கை பட்டாணிக்காரன், தஞ்சோங் மாலிமில் இருக்கும் உப்சி பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி படித்தேன், முதல் போஸ்டிங் சரவாக், இன்னும் இங்கேதான்.

உப்சியில் இருக்கிறது, பாங்கியில் யு.கே.எம். பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. உங்களுக்குப் பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் தஞ்சோங் மாலிமில் இறங்கலாம். யுபியுவில் விண்ணப்பித்த பிறகு மெட்சி என்ற தேர்வு இருக்கிறது, ஆசிரியர் படிப்புக்கு எல்லாரும் எழுதவேண்டும், அதைத் தாண்டினால் இன்டர்வியூ. பழைய எஸ்.டி.பி.எம். முடிவோடு விண்ணப்பிக்கிறவர் என்பதால் இந்த வருட யுபியு கையேட்டில் உங்கள் பிரிவுக்கான தகுதியை முதலில் படியுங்கள், அங்கே புள்ளி கூடுதலாகக் கேட்டால் எஸ்.டி.பி.எம். பாடம் திரும்ப எழுதுவதா என்று யோசிக்க நேரம் வேண்டும்.

தமிழ்ப்பள்ளி விஷயத்தை உள்ளபடி சொல்கிறேன். தொடக்கப்பள்ளிக்குப் பெரும்பாலும் ஐ.பி.ஜி.யில் படித்தவர்கள், எங்களைப் போல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிக்கு. அங்கே பி.பி.கே.ஐ. மலாயில்தான் நடக்கும். அதற்காக மனம் தளரவேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் இருந்துவிட்டு வருகிற நம் பிள்ளைகள் 13 வயதில் அந்த இடைநிலைப் பள்ளி வகுப்புக்குத்தான் போகிறார்கள், அங்கே அவர்களோடு தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் இருப்பதில்லை. கடாவிலும் பினாங்கிலும் தோட்டப்புறம் இருந்த இடங்களில் இது அதிகம். கெளுகோர் அக்காவின் மகளும் இன்னும் சில வருடத்தில் அந்த வயதுக்கு வந்துவிடுவாள். நீங்கள் தேவைப்படுகிற இடம் ஒன்று அங்கேயும் இருக்கிறது.

போஸ்டிங் செலவு. முதல் இரண்டு மாதம் கஷ்டம், ஏனென்றால் சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கும் முன் வீட்டு முன்பணம், மெத்தை, அடுப்பு எல்லாம் வாங்கவேண்டும். வேலை ஆர்டர் வருவதற்குள் மூவாயிரம் வெள்ளியாவது தனியாக எடுத்து வையுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிறகு பரவாயில்லை. நான் ஒரு ரூமில் இருக்கிறேன், வாடகை உங்கள் பினாங்கைவிடக் குறைவு, மாதம் 700 வீட்டுக்கு அனுப்புகிறேன். என்னைத் தின்பது விமான டிக்கெட்தான். தீபாவளி சமயத்தில் பினாங்குக்குப் போய்வர ஆகும் செலவு, அதை முன்பே வாங்காவிட்டால், என் மாத வாடகையைப் பல மடங்கு தாண்டிவிடும். இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கும்போது கிடைக்கும். அப்பாவின் உடல்நிலைச் சான்று எல்லாவற்றையும் இப்போதிருந்தே கோப்பில் சேர்த்து வையுங்கள், மாற்றம் கேட்கும்போது அது வேண்டும்.

என் படிப்புக் கடன் மொத்தம் 24,000. 15 வருடத் தவணை, மாதம் 153 வெள்ளி. சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள், போவதே தெரியவில்லை. உங்கள் தனியார் வழியில் 294 வந்திருக்கும். கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்திருக்க வேண்டும், அதை இப்போதே செய்துவிடுங்கள். உங்கள் இ.பி.எஃப்.பில் அக்கவுன்ட் செஜாத்திரா என்கிற பகுதியில் இருக்கும் பணத்தைப் படிப்புக் கட்டணத்துக்கு எடுக்கலாம், சில வருடம் வேலை செய்திருப்பதால் முதல் செமஸ்டர் கட்டணத்துக்காவது உதவும்.

29 வயதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் பேட்ச்சில் உங்களைப் போல் மையத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஓர் அக்கா இருந்தார். நாங்கள் எல்லாரும் ஆர்.பி.ஐ. என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் நிஜமான பிள்ளையை வைத்து விளக்கம் சொல்வார். விரிவுரையாளரே அவரைக் கேட்பார். பிராக்டிக்கத்தில் நாங்கள் முதல் வாரம் தடுமாறியபோது அவர் முதல் நாளே வகுப்பைப் பிடித்துவிட்டார்.


கரும்பலகை எழுதியது:

மலர், இன்டர்வியூ வந்தால் உங்கள் மையத்தில் நீங்கள் தயாரித்த கற்றல் பொருள்களில் நல்லதாக மூன்று நான்கு எடுத்துப் போங்கள். பட அட்டை, நேர அட்டவணை, எதுவானாலும் சரி. பிள்ளைகளின் படமோ பெயரோ எதிலும் இருக்கவேண்டாம். ஏன் அதைச் செய்தீர்கள், எந்தப் பிள்ளைக்கு எங்கே அது உதவவில்லை, பிறகு எப்படி மாற்றினீர்கள் என்று மலாயில் சொல்லிப் பழகுங்கள். ஒரு சனிக்கிழமை பள்ளிப் பக்கம் வந்தால் நான் உட்கார்ந்து கேட்கிறேன். தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.


பிறை மலர் எழுதியது:

பார்த்துவிட்டேன் டீச்சர். வரும் சனிக்கிழமையே வருகிறேன். சிபு அண்ணா, எஸ்.எஸ்.பி.என். கணக்கை இன்று மதியம் திறந்தாயிற்று.